தூக்கிய சக்கரம்

இடது பின்சக்கரம் அந்தரத்தில் விர்ரென்று சுற்றியது. கார் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"பாத்தீங்களா மேடம்?" பட்டறை முதலாளி டிரைவர் சீட்டிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தார். "ஒரு சக்கரத்த ஜாக்கியில தூக்கிட்டா, எஞ்சினோட சக்தியெல்லாம் அந்தச் சக்கரத்துக்குத்தான் போகும். தரையில இருக்கறது தேமேன்னு நிக்கும். இது எங்க பட்டறையில தரை கூட்டறவருக்குக்கூடத் தெரியும்."

போலீஸ் ஸ்டேஷனின் பின்முற்றமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரித்ததால் இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். மூன்றாவது கான்ஸ்டபிள் மட்டும் மதில் ஓரமாக உம்மென்று நின்றிருந்தார்.

தீக்குச்சி சிரிக்கவில்லை. ஒல்லி உடம்பு, உரசினால் பற்றிக்கொள்ளும் குணம். இரண்டையும் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. துப்பறியும் ஆபீஸ் திறந்து பதினாலு வருடமாகியும் அது அவளை விடவில்லை. இப்போது காது மடல் வரை சிவந்து நின்றாள். "இந்தக் காரின் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது சாதா டிஃப்ரன்ஷியல் இல்லை, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்" என்று அரை மணி நேரத்துக்கு முன் மேஜையைத் தட்டிச் சவால் விட்டவள் அவள்தான். ஊர் பார்க்க மூக்கறுபட்டால் யாருக்குத்தான் எரியாது?

"அக்கா, மூக்கு பத்திரம்" என்று காதோரம் முணுமுணுத்தான் ரேடியோ. அவளுடைய உதவியாளன். இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, வாயை மூடத் தெரியாத காரணத்தால் வேலையை விட்டவன்.

"வாய மூடு."

"அது முடிஞ்சிருந்தா நான் இன்னும் கண்டக்டராவே இருந்திருப்பேனே."

வழக்கு இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் இதே கார் பட்டறைக்குள் பாய்ந்து, அங்கே வேலை செய்த மெக்கானிக்கை மரமேஜையோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இன்று வியாழன். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி, அதே பட்டறையில் பெயின்டர். "பின்பக்கம் ஒரு சத்தம் வருது, எங்கேருந்துன்னு கேக்கணும், ஸ்டார்ட் பண்ணி கியர்ல போடுன்னு மாமாதான் சொன்னாரு. டார்ச் எடுக்க மேஜைகிட்ட போனாரு. ஒரு சக்கரம் ஜாக்கியிலதான் இருந்துச்சு. கிளட்ச விட்டதும் வண்டி எகிறிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். யாரும் நம்பவில்லை. ஒரு சக்கரம் ஜாக்கியில் இருக்கிற வண்டி எகிறாது. அப்படியானால் ஜாக்கியை எடுத்துவிட்டு வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறான். அன்று மத்தியானம் மாமனுக்கும் மச்சினனுக்கும் வாய்ச்சண்டை என்று முதலாளி வேறு சாட்சி சொல்லியிருந்தார்.

"நாலு மணிக்கு அவன கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலை முயற்சி. முதலாளி, நீங்க மூணரைக்கு வந்து வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுடுங்க. மேடம், நீங்க வீட்டுக்குப் போய் தண்ணி குடிங்க."

முதலாளி காரைக் கீழே இறக்கி, முற்றத்தில் ஒரு முழு வட்டம் திருப்பி, மதில் ஓரமாக அழகாக நிறுத்திவிட்டுப் போனார். போகிற போக்கில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளைத் தட்டி, "தைரியமா இரும்மா, நான் இருக்கேன்" என்றும் சொன்னார்.

அந்தப் பெண்தான் தீக்குச்சியின் கட்சிக்காரி. மடியில் ஒரு டிபன் கேரியர். காலையிலிருந்து அதைத் திறக்கவில்லை.

"கட்டினவரு ஆஸ்பத்திரியில, கூடப்பொறந்தவன் லாக்கப்புல" என்றாள். "அங்க அவருக்குக் குழாய்லதான் ஆகாரம்ங்கறாங்க. இங்க உள்ள விடமாட்டேங்கறாங்க. நான் யாருக்கு ஆக்கினேன்னே தெரியல மேடம். மாமியார் வீட்டுல கொலைகாரன் அக்கான்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. என் தம்பி அவருக்கு உசுரு மேடம். ரெண்டு பேரும் தெனமும்தான் சண்டை போடுவாங்க. சண்டை போடலன்னாதான் நான் பயப்படுவேன்."

அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லும் பழக்கம் தீக்குச்சிக்கு இல்லை. "நாலு மணிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். கிளினிக் ஸ்டேஷனுக்கு நேர் எதிரில். உள்ளே ஒரு நோயாளி நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்தபடி கிடந்தார். தீக்குச்சி கதவைத் தட்டவில்லை.

"டாக்டர், உங்க கார்ல லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் இருக்குன்னு சொன்னீங்க. உங்கள நம்பி நான் அவமானப்பட்டுட்டு வந்திருக்கேன்."

"இருக்கு!" டாக்டர் கையிலிருந்த கருவியோடு திரும்பினார். நோயாளியின் கண்கள் கருவியோடு திரும்பின. "நான் ஆறு மாசம் விசாரிச்சு வாங்கினதும்மா. என் வீடு மண்மேட்டுல இருக்கு. மழை பெஞ்சா ஒரு சக்கரம் சேத்துல சுத்தும், இன்னொண்ணு வேடிக்கை பாக்கும். பத்தொம்பது வருஷக் கார், விக்க மனசு வரல. சரி, இதையாவது மாத்துவோம்னு பாத்தேன். ரெண்டு சக்கரத்தையும் மொத்தமா பூட்டிக்கற வகை ஒண்ணு, அது வளைவுல இழுத்துத் தள்ளிடும். முழுக்கப் பல்சக்கரத்துலயே வேலை செய்யற வகை நல்லது, ஆனா என் பழைய வண்டிக்கு அந்த அளவுல இல்ல. கடைசியா பிளேட் வெச்சத எடுத்தேன். ஒரு சக்கரம் வழுக்கினா உள்ள பிளேட்டுங்க இறுக்கிப் பிடிச்சு, தரையில நிக்கற சக்கரத்துக்கும் இழுவையக் கொடுக்கும்."

"யார் மாட்டினது?"

"பட்டறை முதலாளியேதான். ஒன்றரை வருஷம் ஆச்சு. இந்த மெக்கானிக் அப்போ அங்க சேரவே இல்ல."

"காகிதம் ஏதாவது இருக்கா?"

"எல்லாம் கார் டேஷ்போர்டுலதான் வெச்சிருந்தேன்."

"இப்போ அதுல தூசிதான் இருக்கு" என்றான் ரேடியோ.

டாக்டரின் முகம் சுருங்கியது. "வாங்கறது பெரிசில்லம்மா, அத வெச்சுக் காப்பாத்தறதுதான் பாடு. அதுக்குன்னு தனி ஆயில். மாத்தினதும் காலி மைதானத்துல எட்டுப் போட்டு ஓட்டணும், அப்பதான் பிளேட்டுக்கு நடுவுல இறங்கும். மறந்துபோய் சாதா ஆயில ஊத்திடக்கூடாதுன்னே டிஃப்ரன்ஷியல் போல்ட்டுல தனி ஆயில்னு எழுதி ஒரு சின்னத் தகடு தொங்கும். கீழ படுக்கற எந்த மெக்கானிக்கும் மொதல்ல அதத்தான் பாப்பான்."

"சாதா ஆயில ஊத்தினா?"

"வளைவுல நறநறன்னு பல்லக் கடிக்கும். போன மாசம் சர்வீஸ் முடிஞ்சு வந்ததுலேருந்து அதே சத்தம். தனி ஆயில்தான் ஊத்தினேன்னு முதலாளி சத்தியம் பண்ணாரு. அதுக்குத்தான் திங்கக்கிழமை திரும்பவும் விட்டேன். பொறப்படறப்போ நோட்டுல கிலோமீட்டர்கூட எழுதி வெச்சேன்."

சற்று முன் முதலாளி அதே காரை முற்றத்தில் முழு வட்டம் திருப்பியது தீக்குச்சியின் கண்முன் ஓடியது. பல்லைக் கடிக்கவில்லை. முனகக்கூட இல்லை.

"ரேடியோ, வண்டி திரும்பினப்போ சத்தம் கேட்டுச்சா?"

"இல்லக்கா. பல்செட்டக் கழட்டி வெச்சிட்டாங்க போல."

வாயைத் திறந்து கிடந்த நோயாளி சிரிக்கப் போய்ப் புரையேறி இருமினார். தீக்குச்சி அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டாக்டரின் நோட்டை அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கழட்டிட்டாங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "செவ்வாய்க்கிழமை ஒரு நாள் முழுக்க, துக்கம்னு சொல்லி எல்லாருக்கும் லீவு விட்டுப் பட்டறைய மூடினானே, அன்னிக்கு. புதன்கிழமை காலையிலதான் போலீஸ் காரை எடுத்துட்டு வந்திருக்கு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு, நம்மள உக்கார வெச்சு அதையே பரிமாறியிருக்கான்."

"அப்போ போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்றது? உள்ள இருக்கறது சாதா டிஃப்ரன்ஷியல். எப்பவும் இதுதான் இருந்துச்சு, டாக்டருக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவான். மாத்தினதுக்கு அத்தாட்சி வேணும்."

மணி இரண்டே முக்கால். முற்றத்தில் அந்த மூன்றாவது கான்ஸ்டபிள் இன்னும் அதே மதில் ஓரத்தில், அதே உம்மென்ற முகத்தோடு நின்றிருந்தார். கோபக்காரிக்குக் கோபக்காரரைக் கண்டால் தனியாக ஒரு பாசம் வரும்.

"நீங்க ஏன் சிரிக்கல?" என்று கேட்டாள்.

"சிரிப்பாங்க மேடம், எல்லாரும் என்னப் பாத்துத்தான் சிரிக்கறாங்க." அவர் தொப்பியைக் கழற்றினார். "பட்டறையிலேருந்து அந்தக் காரை ஓட்டிட்டு வந்தவன் நான். எடுக்கும்போது மீட்டர் எழுதினேன், நிறுத்தினதும் எழுதினேன். பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கு, பறிமுதல் வண்டியில ஊர் சுத்தினியான்னு அய்யா எல்லார் முன்னாலயும் கத்திட்டாரு. எம் பொண்ணு மேல சத்தியமா நான் எங்கயும் போகல மேடம். நேரா வந்தேன்."

"எவ்வளவு?"

ரிஜிஸ்டர் அவர் கக்கத்திலேயே இருந்தது. எடுத்தபோது 61,204.3. நிறுத்தியபோது 61,214.4.

"பத்து புள்ளி ஒண்ணா?" ரேடியோ உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, அந்த ரோட்டுல நான் இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கேன். பட்டறை ஸ்டாப் நாலாவது கிலோமீட்டர் கல். ஸ்டேஷன் ஸ்டாப் பதிமூணாவது கல். பயணி சண்டை போட்டாலும் ஒம்பது, சமாதானமா வந்தாலும் ஒம்பது. ஒரு டீக்காவது வண்டியத் திருப்பியிருப்பீங்க."

"திருப்பல!" கான்ஸ்டபிள் கத்தினார்.

"அவர் திருப்பல" என்றாள் தீக்குச்சி மெதுவாக.

அவள் டாக்டரின் நோட்டைத் திறந்தாள். திங்கட்கிழமை, கிளினிக்கிலிருந்து புறப்பட்டபோது: 61,195.3. கிளினிக் ஸ்டேஷனுக்கு எதிரில். அதே ரோடு.

அவள் இன்ஸ்பெக்டர் அறைக்குள் போன வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"சார், உங்க கான்ஸ்டபிள்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"என்னம்மா, திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இங்கேருந்து பட்டறைக்குப் போனப்போ இந்தக் கார் ஒம்பது கிலோமீட்டர் காட்டியிருக்கு. அதே ரோட்டுல திரும்பி வந்தப்போ பத்து புள்ளி ஒண்ணு. ரெண்டு நாள்ல ரோடு நீளாது."

"பழைய மீட்டர்."

"பத்தொம்பது வருஷமா சரியா இருந்த மீட்டர் ரெண்டு நாள்ல கெட்டுப்போச்சா? சார், இந்த மாதிரிப் பழைய கார்ல மீட்டர் சக்கரத்த எண்ணாது. கியர்பாக்ஸ்லேருந்து பின்னால போற தண்டு எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணும். அந்தத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கறதுதான் டிஃப்ரன்ஷியல். அதுல பல்லோட எண்ணிக்கை மாறினா, அதே தூரத்துக்குத் தண்டு கூடுதலா சுத்தும். சுமை இழுக்கற வேன்ல அப்படித்தான் போடுவாங்க. இப்போ இந்தக் காருக்குள்ள இருக்கறது ஏதோ ஒரு வேனோட டிஃப்ரன்ஷியல். திங்கக்கிழமை இருந்தது வேற."

இன்ஸ்பெக்டர் நோட்டையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார். கழித்துப் பார்த்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளை மட்டும் பார்க்கவில்லை.

"எந்த வேன்?" என்றார் கடைசியில்.

ஊரில் நூறு வேன் ஓடுகிறது. மணி மூன்று இருபத்தைந்து. அவள் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேரியரின் கைப்பிடியைச் சரிசெய்தாள். அந்தப் பார்வைதான் தீக்குச்சிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போதுதான் முதலாளி வந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால், தன் பட்டறை வேனில், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட. முற்றத்தின் வாசல் குறுகல். வேன் ரோட்டிலிருந்து இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது.

நற நற நற நற.

எதிர்ப்பக்கத்தில், தன் நோட்டைத் திரும்ப வாங்க வெள்ளைக் கோட்டோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"அது என் சத்தம்!" என்று கத்தினார். "அது என் கார் சத்தம்!"

ரேடியோவின் வாய் திறந்தது. மூடியது. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தீக்குச்சி படியிறங்கி நடந்தாள். முதலாளி வேனிலிருந்து இறங்குவதற்குள் முன்னால் போய் நின்றாள்.

"வாங்க முதலாளி. மத்தியானம் காட்டின வித்தைய இன்னொரு தடவை காட்டணும். இந்த வேன்ல."

"என் வேன்ல எதுக்கு மேடம்?" சிரிப்பு இருந்தது, ஆனால் உதட்டில் மட்டும்தான் இருந்தது.

"எந்த வண்டியா இருந்தா என்ன? தரை கூட்டறவருக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம்தானே."

இன்ஸ்பெக்டர் கைகாட்டினார். அந்த மூன்றாவது கான்ஸ்டபிள் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஓட்டம் அவருடைய சர்வீஸிலேயே வேகமான ஓட்டமாக இருந்திருக்கும். வேனை மதிலைப் பார்க்க நிறுத்தி, இடது பின்சக்கரத்தைத் தூக்கினார்கள். மதிலுக்கும் வேனுக்கும் நடுவில் பத்தடி. மதில் ஓரமாகப் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. கான்ஸ்டபிள் சீட்டில் ஏறி எஞ்சினை முடுக்கினார்.

"இப்போ நீங்க அங்க போய் நில்லுங்க" என்றாள் தீக்குச்சி. மதிலைக் காட்டினாள். "வண்டிக்கு நேரா, முன்னால."

முதலாளி நகரவில்லை.

"நில்லுங்களேன். ஒரு சக்கரம் ஜாக்கியில இருந்தா வண்டி நகராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அத நம்பித்தானே ஒருத்தன உள்ள வெச்சிருக்கோம்?"

"எனக்கு… முட்டி வலி மேடம். ரொம்ப நேரம் நிக்க முடியாது."

"நாற்காலி போடறோம் முதலாளி" என்றான் ரேடியோ. "உக்காந்தே பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் நெற்றியிலிருந்து வேர்வை புருவத்துக்கு இறங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே கால்தான் குறுகுறுத்தது. அவர் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி, பக்கவாட்டில், வேனின் பாதையைவிட்டு விலகி.

"எல்லாரும் ஓரமா போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது. "கிளட்ச விடுய்யா."

வேன் எகிறியது. ஜாக்கி டங்கென்று சாய்ந்து விழ, தரையிலிருந்த சக்கரம் மண்ணைக் கவ்வ, வண்டி பத்தடியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி டயர் குவியலில் போய் முட்டி நின்றது. இரண்டு டயர்கள் உருண்டு போய் வராந்தாப் படியில் விழுந்தன.

கான்ஸ்டபிள் எஞ்சினை அணைத்தார்.

"சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர். 'ங்க' போய்விட்டிருந்தது.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன மாதம் தனி ஆயில் கிடைக்கவில்லை, அலைய சோம்பல்பட்டு சாதா ஆயிலை ஊற்றிவிட்டார். டாக்டரிடம் தனி ஆயில் என்று சாதித்தார். திங்கட்கிழமை கார் சத்தத்தோடு திரும்பி வந்தது. "அந்தத் தகட்டப் பாத்தா அவன் ஆயில எறக்கிப் பாப்பான் சார். பாத்தா டாக்டர்கிட்ட சொல்லாம இருக்கமாட்டான். நேர்மைன்னு குதிப்பான். அதனால தகட்டக் கழட்டிட்டேன். சாதா டிஃப்ரன்ஷியல்தான்னு நெனச்சுட்டு ஜாக்கியில ஒரு பக்கம் தூக்கியிருக்கான். நான் இப்படி ஆகும்னு…"

"ஆனதுக்கப்புறம்?" தீக்குச்சியின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "ஆனதுக்கப்புறம் என்ன பண்ணீங்க? துக்கம்னு பட்டறைய மூடிட்டு, ரத்தத்தக் கழுவின தரையில படுத்துக்கிட்டு, உங்க வேன்ல இருந்தத டாக்டர் கார்ல மாட்டி, அதுல இருந்தத உங்க வேன்ல மாட்டினீங்க. நல்ல சாமான், தூக்கிப் போட மனசு வரல, இல்ல? ஆனா ஒரு பையனக் கொலைகாரன் ஆக்க மனசு வந்துச்சு. சாட்சி சொல்ல மனசு வந்துச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ஒரு டப்பா ஆயிலுக்கு!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் நிறையக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பெஞ்சிலிருந்த பெண் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

அவள் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றாள். காலையில் தன் தோளைத் தட்டிய அவர் கையையே பார்த்தாள்.

"அந்தத் தகடு எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள்.

முதலாளி விழித்தார். பிறகு, எதற்கென்று தெரியாமலே, கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"என் வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால போனாரு" என்றாள் அவள். "அவருக்குத் தெரியாது, போனாரு. நீங்க போகல. உங்களுக்குத் தெரியும். இது ரெண்டு தடவையும் உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

அவள் அழவில்லை. கை ஓங்கவும் இல்லை. முதலாளிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மணிக்கு லாக்கப் கதவு திறந்தது. உள்ளே இருந்தவன் வெளியே வந்தான், வெளியே இருந்தவர் உள்ளே போனார். தம்பி அக்காவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நான்தான்க்கா கிளட்ச விட்டேன். நான்தான் விட்டேன்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னது? அக்கா காலையிலிருந்து திறக்காத கேரியரைத் திறந்து, மேல்தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் சாப்பிடு" என்றாள். "ஆஸ்பத்திரியில ஆறு மணிக்குத்தான் பாக்க விடுவாங்க. ஒன் சத்தம் கேட்டா அவரு சண்டை போடவாவது எழுந்திருப்பாரு."

தீக்குச்சி திரும்பி நடந்தாள். கோபம் தணியவில்லை, தணிய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கான்ஸ்டபிளை அருகில் அழைப்பது கேட்டது.

"யோவ், அந்த ஒரு கிலோமீட்டர் விஷயம்…"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு அய்யா" என்றார் கான்ஸ்டபிள்.